65 மீற்றர் என்று ஏன் பெயர் வந்தது?





கடந்த தவணையில் தரம் 9 வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான். "சேர், எங்கட வீட்டுத்திட்டத்துக்கு ஏன் 65 மீற்றர் எண்டு பேர்? அந்த ரோட்டுட நீளமா அது?"

வகுப்பு சிரித்தது. வேறு யாருக்காவது விடை தெரியுமா என்று கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. எல்லோரும் 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். சுனாமி என்ற சொல் தெரியும், டிசம்பர் 26 என்ற திகதி தெரியும். தாங்கள் தினமும் சொல்லும் ஒரு பெயருக்குள் அந்த நாள் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

பிள்ளைகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று வகுப்பில் சொன்ன விடை இது. சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கடலோரத்தில் வீடு கட்டத் தடை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடப்பவை. 200 மீற்றரை விட்டுக்கொடுத்தால் ஊரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அந்த எல்லை குறைக்கப்பட்டது. நமது பக்கத்தில் அது 65 மீற்றர் ஆனது. அந்த 65 மீற்றருக்குள் வாழ்ந்து, திரும்பவும் அதே வளவில் வீடு கட்ட முடியாமல் போனவர்களுக்காகக் கட்டிய வீடுகள் என்பதால் அந்தப் பெயர். ஒரு தடையின் அளவு ஓர் ஊர்த்துண்டின் பெயராகிவிட்டது.

விடையைச் சொல்லிவிட்டோம். ஆனால் அடுத்த கேள்வி எங்களுக்கே வந்தது. அந்த 65 மீற்றருக்குள் என்ன இருந்தது? யார் இருந்தார்கள்? மருதமுனை என்றால் நெசவு, சாறன், கல்வி என்று நாமும் சொல்கிறோம், வெளியூரார்களும் சொல்கிறார்கள். தறியைப் பற்றி மலர்களில் கட்டுரை வந்திருக்கிறது. கடற்கரையைப் பற்றி எத்தனை வந்திருக்கிறது? நூலில் துணி நெய்தவர்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு நூலில் வலை பின்னியவர்களைப் பற்றி நாம் பேசவில்லை.

அதனால் ஓகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர்கள் சிலரும் உயர்தர மாணவர்கள் சிலருமாகச் சேர்ந்து, சுபஹு தொழுதுவிட்டு, கடற்கரையால் நடந்தோம். மூன்று காலைகள். பெரியநீலாவணை எல்லையில் தொடங்கி, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவில் வரை. நடக்க முடியாத இடத்தில் முச்சக்கர வண்டி.

பாசிக்குடாவில் குளித்துவிட்டு அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கப் போகும் வெளிநாட்டுக்காரர்கள் நமது பிரதான வீதியால்தான் போகிறார்கள். இரண்டுக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் கடற்கரை. அவர்களில் அநேகர் ஓர் இடத்திலாவது கிழக்கே திரும்பி இறங்குவதில்லை. அவர்களைச் சொல்வானேன், வீதிக்கு மேற்கே குடியிருக்கும் நாமே மாதக்கணக்கில் கடற்கரைப் பக்கம் போவதில்லை.

ஓகஸ்டில் நமது கடல் அமைதி. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் ஏற்றிக் கிடக்கும் தோணிகள் இப்போது தொழிலில் இருக்கும். முதல் நாளே கரைவலை இழுப்பதைப் பார்த்தோம். மாணவர்களில் பாதிப்பேர் அதை முழுமையாகப் பார்த்தது அன்றுதான்.

வலையின் ஒரு பக்கக் கயிறு கரையில் நிற்கும். தோணி வலையையும் மறு பக்கக் கயிற்றையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் அரைவட்டம் அடித்துவிட்டு, தூரத்தில் இன்னோரிடத்தில் கயிற்றைக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு அணியும் கரையால் நடந்து நெருங்கி வரும். கடைசியாக மீன் சேர்ந்த மடி கரையேறும். கீரி, சூடை, நெத்தலி, பாரைக்குட்டி, அன்று கிடைத்தது எதுவோ அது. தோணிக்கும் வலைக்கும் ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. சும்மா வந்து கயிற்றில் கை வைத்த பிள்ளையும் ஒரு பை மீனோடுதான் வீடு போகும்.

வலை போட நல்ல இடம், அதாவது அடியில் கல் இல்லாமல் வலை கிழியாமல் வரும் இடம், பாடு எனப்படும். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் உண்டு. சில வலைக்காரரின் பெயரால், சில கரையில் நின்ற மரத்தின் பெயரால், சில அருகிலிருந்த பள்ளியாலோ கோயிலாலோ வந்த பெயர்கள். தண்டயலாக இருந்து ஓய்ந்த ஒரு மூத்தவரிடம் கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகச் சொன்னார். மாணவர்கள் எழுதி முடிப்பதற்குள் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. "இந்த மரம் எங்க நிக்குது மூத்தவாப்பா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

அந்த மரம் நின்ற இடம் இப்போது தண்ணீர்.

அவர் சொன்ன வரிசையில் முஸ்லிம் பாடு, தமிழ்ப் பாடு என்று பிரிவு இருக்கவில்லை. நிலத்தில் ஊர்கள் மாறி மாறி வருகின்றன. மருதமுனை, அடுத்து திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பெயர்போன பாண்டிருப்பு, பிறகு கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, பிறகு விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு, பிறகு நிந்தவூர். வீதியில் இந்த எல்லைகளை வைத்து நாம் எவ்வளவோ சண்டை பிடித்திருக்கிறோம். கரையில் நடந்தால் எது எங்கே முடிகிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசலில் சற்று உட்கார்ந்தோம். ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் கொடியேற்றம் நடக்கும் இடம். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் நடப்பது. கொடியேற்றம் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நாங்கள் போகவில்லை. வரலாறாகப் பார்த்தால் அது ஒரு சான்று. அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையில் ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், பாய்க்கப்பல்காரர்களின் பயமும் நேர்ச்சையும் சேர்ந்து வந்திருக்கின்றன. 2004இல் அதே காலையில் அதே கடல் நாகூர் இருக்கும் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. இந்தியாவில் அதிகம் இழந்த மாவட்டம் அது. இலங்கையில் அதிகம் இழந்தது நமது அம்பாறை மாவட்டம்.

இரண்டாம் நாள் மாளிகைக்காட்டைத் தாண்டும்போது ஆழ்கடல் படகுகள் திறந்த கடலில் நங்கூரமிட்டு ஆடிக்கொண்டிருந்தன. ஒதுங்க இடம் இல்லை. காற்று எழும்பினால் படகோடு படகு மோதும். அதற்காகத்தான் ஒலுவில் துறைமுகம் என்று எல்லோரும் நம்பினோம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அமைச்சராக இருந்த காலத்துக் கனவு அது. 2013இல் திறந்தார்கள். கடலுக்குள் கட்டிய அலைதடுப்புச் சுவர், கரையோரமாக நகரும் மணலை மறித்தது. ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயையே அடைத்தது. மறு பக்கம், வடக்கே, மணல் கிடைக்காத கடல் கரையைத் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகள் வேரோடு சாய்ந்ததை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். மூன்றாம் நாள் அங்கே நின்றபோது, மூத்தவர் கடலைக் காட்டிய கைதான் நினைவுக்கு வந்தது. பாட்டின் பெயர் மறப்பது வேறு, பாடே இல்லாமல் போவது வேறு. நமது கரையில் இரண்டும் நடக்கிறது.

இனி அந்த நாளுக்கு வருகிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அங்கிருந்து நமக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். ஆழ்கடலில் சுனாமி விமானத்தின் வேகத்தில் ஓடும். ஆனால் அங்கே அதன் உயரம் மிகக் குறைவு. அன்று ஆழத்தில் தொழில் செய்துகொண்டிருந்தவர்களின் தோணிக்குக் கீழால் அது போனது அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. விடுமுறை நாள், பிள்ளைகள் வீட்டில். பெண்களும் பிள்ளைகளும் அதிகம் மௌத்தானதற்கு அதுவும் ஒரு காரணம். நமது மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல்.

உலகம் பெரேலியாவில் கவிழ்ந்த ரயிலைப் பார்த்தது. அதுவும் பெரிய துயரம்தான். ஆனால் அது உல்லாசப் பயணிகள் போகும் கரை. கெமராக்கள் முதலில் அங்கே போயின. நமது கரையின் பெயர்களை அன்று உலகம் சரியாக உச்சரிக்கக்கூட இல்லை. சாதாரண நாளில் யாரும் எட்டிப் பார்க்காத கரையை, அழிந்த நாளிலும் பிந்தித்தான் பார்ப்பார்கள்.

இழந்தவற்றில் இன்னொன்றும் உண்டு. நமது வழக்கத்தில் வீடு பெண்ணுக்குப் போவது. உம்மாவின் வளவில் மகளுக்குச் சீதன வீடு, அவள் மகளுக்கு அதே வளவில் இன்னொன்று. கடலோர வீடுகள் ராத்தாமாரின் வீடுகள். சுனாமிக்குப் பிறகு வீடு கொடுத்தபோது பல இடங்களில் பத்திரம் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயரில் போனது. தலைமுறை தலைமுறையாக வந்த ஓர் உரிமை, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தில் மாறியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நாங்கள் சொல்லவில்லை. நம் வழக்கம் எழுதி வைக்கப்படவில்லை, அதனால் படிவம் தயாரித்தவருக்குத் தெரியவில்லை.

எழுதி வைக்காததன் விலை இதைவிடப் பெரியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நமது கரைக்குக் காற்றைத் தெரியும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியை நம் பெற்றோர் இன்றும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். "சூறாவளிக்கு முந்தி பிறந்தவன்" என்றுதான் வயதையே கணக்கிட்டோம். அதனால் வானம் கறுத்தால், காற்று திசை மாறினால், என்ன செய்ய வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் புயல் இல்லை. நாம் வானத்தைப் பார்க்கப் பழகியவர்கள். அன்று வந்தது கடலடியிலிருந்து.

அப்படியென்றால் நமது கரைக்கு இது முன்பு வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. 1883 ஓகஸ்ட் 27இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அங்கே ஜாவாவிலும் சுமாத்திராவிலும் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் அடித்துச் சென்றது. அதே அலை அன்று இலங்கைக்கும் வந்தது. காலித் துறைமுகத்தில் கடல் பின்வாங்கிப் படகுகள் தரை தட்டின. நமது கரையில், பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்குடா, பாணமைப் பக்கத்தில், ஓர் உயிர் போனது. களப்பின் முகத்துவாரத்தைக் கடந்துகொண்டிருந்த பெண்களை அலை இழுத்துக்கொண்டு போனது, அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்று அந்தக் காலப் பதிவு சொல்கிறது. ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் வெடித்த ஒரு மலைக்காக நமது கரையில் ஒரு பெண் இறந்திருக்கிறாள்.

121 வருடங்களுக்குப் பிறகு அந்தச் செய்தி எங்கே இருந்தது? வெள்ளைக்காரர்களின் அறிக்கையில் இருந்தது. நமது வாயில் இல்லை. நாங்கள் நடந்த மூன்று நாளும் மூத்தவர்களிடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கும் 2004க்கு முன்பு தெரியாது.

இதைவிட வெட்கமான ஒன்று உண்டு. நமது மொழியில் இதற்குச் சொல் இருக்கிறது. கடல்கோள். இலக்கிய வகுப்பில் மனப்பாடம் செய்தோம், குமரியைக் கடல் கொண்டது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி எடுத்தோம். ஆனால் அன்று காலையில் வீதியில் ஓடியவர்கள் "கடல் வருது, கடல் வருது" என்றுதான் கத்தினார்கள். மறுநாள் ஜப்பான் சொல்லான சுனாமியை வானொலியில் கேட்டுப் பழகினோம். ஆயிரம் வருடத்துக்கு மேலாக நம்மிடம் இருந்த சொல் புத்தகத்தில் இருந்தது, கடற்கரையில் இருக்கவில்லை.

சொல் கடற்கரையில் இருந்த ஓர் இடத்தைச் சொல்கிறோம். சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. முஸ்லிம் மீனவர்களும் விவசாயிகளும் வாழும் தீவு. 1907இல் அங்கே ஒரு பெரிய அலை வந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் அதற்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்து, பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பாட்டிலும், இரவுக் கதையிலும் சொல்லி வந்தார்கள். பூமி பலமாக ஆடி, கடல் உள்ளே போனால், பொருளை எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. அவ்வளவுதான் பாடம். 2004இல் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிகக் கிட்ட இருந்த தீவு அதுதான். சில நிமிடங்களில் அலை வந்தது. "ஸ்மோங்" என்று ஒருவர் கத்தினார், எல்லோரும் ஓடினார்கள். ஏறத்தாழ 78 ஆயிரம் பேரில் இறந்தவர்கள் 7 பேர்.

அவர்களிடம் எச்சரிக்கைக் கோபுரமும் இல்லை, கைத்தொலைபேசிச் செய்தியும் இல்லை. மூத்தம்மாமார் சொன்ன ஒரு சொல் இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நமக்கு அன்று அவர்களுக்குப் போல் பூமி ஆடவில்லை. கடல் முதலில் உள்ளே போனதா, நேராக ஏறி வந்ததா என்பதில் நமது கரையில் ஊருக்கு ஊர் சொல்வது வேறுபடுகிறது. ஆகவே அவர்களின் பாடம் அப்படியே நமக்குப் பொருந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். முதல் தண்ணீர் வடிந்ததும் உறவுகளைத் தேடியும், சாமான் எடுக்கவும், வேடிக்கை பார்க்கவும் திரும்பிப் போனவர்கள் நம்மிடையே எத்தனை பேர்? கடல் ஒரு தடவையோடு நிற்காது என்ற ஒரே ஒரு வரி நமது வாயில் இருந்திருந்தால் அவர்களில் சிலராவது இன்று நம்மோடு இருந்திருக்கலாம். அல்லாஹ்வின் நாட்டம் எதுவோ அதுவே நடந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பதும் நமக்குச் சொல்லப்பட்டதுதான்.

2012 ஏப்ரல் 11ஐ நினைத்துப் பாருங்கள். சுமாத்திராப் பக்கம் மீண்டும் அதிர்ந்தது என்று செய்தி வந்ததும் நமது கரையே மேற்கு நோக்கி ஓடியது. அல்ஹம்துலில்லாஹ், அலை வரவில்லை. ஆனால் ஊர் ஓடியது. ஏனென்றால் ஓடியவர்கள் 2004ஐக் கண்டவர்கள். இப்போது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் காணாதவர்கள். கண்டவர்கள் இருக்கும்வரைதான் அந்த ஓட்டம். அதன் பிறகு சொல் வேண்டும்.

ஆகவே ஊரிடம் மூன்று விடயம் கேட்கிறோம்.

ஒன்று, உங்கள் வீட்டில் தொழில் செய்த வாப்பா, மூத்தவாப்பா இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த பாட்டுப் பெயர்களையும் மீன் பெயர்களையும் காற்றுப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும். நாங்கள் எழுதியதைப் பாடசாலை நூலகத்தில் வைத்திருக்கிறோம். அதில் சேர்க்க நிறைய இடம் இருக்கிறது.

இரண்டு, கடற்கரையில் எந்த வீடு எங்கே இருந்தது, யாருடைய வளவு யாருக்குச் சீதனமாக வந்தது என்று தெரிந்த உம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். அதையும் எழுதுங்கள். அடுத்த படிவம் வரும்போது காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

மூன்று, வரும் டிசம்பர் 26இல் மையவாடிக்குப் போய் துஆச் செய்யுங்கள். திரும்பும்போது பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மூன்று வரி சொல்லுங்கள். கடல் வழமைக்கு மாறாக ஏறினாலோ இறங்கினாலோ மேற்கே ஓடு. எதையும் எடுக்க நிற்காதே. முதல் அலை போனாலும் திரும்பி வராதே, அடுத்தது வரும். அதோடு அந்தச் சொல்லையும் சொல்லுங்கள். கடல்கோள். பரீட்சைக்கு என்று சொல்லாமல் கடற்கரையில் நின்று சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவனும் எங்களோடு நடந்தான். கடைசி நாள் ஊருக்குத் திரும்பி, மருதமுனைக் கரையில் தண்ணீர் ஓரத்திலிருந்து மேற்கே அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தான். 65 மீற்றர் என்று அவன் கணக்கிட்ட இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். "இவ்வளவுதானா சேர்?" என்றான்.

இவ்வளவுதான் மகன். இதற்குள் ஓர் ஊர் இருந்தது.

அந்த நாளில் மௌத்தான நம் உறவுகள் எல்லோரையும், பெயர் தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும், அல்லாஹ் பொருந்திக்கொண்டு சுவனத்தில் சேர்ப்பானாக. ஆமீன்.